ஃபிரவ் ஹென்கலின் கதிரை

அன்புள்ள யோகம் அக்காவுக்கு,

முதலில் கந்தோரின்ர கடைசி நாளில் ஆர் ஆர் எங்க இருந்தவை எண்டு எழுதிவிடுறன். ஹீட்டருக்குப் பக்கத்தில் எங்கட பிரிவுத் தலைவர் லோரென்ஸ். கதவடியில் நான். யன்னலோரக் கதிரையில் டெல்சி. அந்தக் கதிரை எங்களோடை வேலை செய்து போன மாரியில் செத்துப்போன ஜெர்மன்காரி ஃபிரவ் ஹென்கலின்ரது. அவ போனபிறகு அண்டைவரை ஒருத்தரும் அதில் இருந்ததில்லை.

சுற்றுச்சூழல், மரபுரிமை, கலை மூண்டையும் பார்த்துவந்த எங்கட மாநிலத் திணைக்களத்தைக் கலைச்சாச்சு. புது அரசாங்கம் அதைப் பிரிச்சு வேற அமைச்சுகளுக்குக் குடுத்திட்டுது. அண்டைக்குக் கடைசியாய்க் கூடிக் கோப்பி குடிச்சம். எங்கட அறையில் ஒராளுக்குத்தான் புது அமைச்சில் இடம். கேக்கை வெட்டிக்கொண்டே லோரென்ஸ் டெல்சியின்ர பேரைச் சொன்னார்.

எனக்குப் பிறகு வந்தவள் அவள். சிரிச்சு வாழ்த்தினன். வயிறு பத்தி எரிஞ்சது, அக்கா.

செத்தவையை விட்டிட்டுச் சாப்பிடக்கூடாது எண்டு ஒரு துண்டு கேக்கும் தண்ணியும் யன்னலோர மேசையில் வைச்சன்.

"ஜெர்மன்காரிக்கும் படையலோ, அக்கா?" டெல்சி சிரிச்சாள்.

"செத்தவைக்கு ஏது விசா, பிள்ளை? எழும்பி வெளியால வா. அவ சாப்பிடட்டும்."

மூண்டுபேரும் வெளியில் நிண்டம். கதவைச் சாத்தேக்கை வாய்க்குள்ள சொன்னன்: "உங்கட இடத்தை அவளுக்குக் குடுக்காதேங்கோ."

உள்ளே கதிரை கிறீச்சிட்டது.

காற்று எண்டார் லோரென்ஸ். யன்னல் பூட்டிக்கிடந்தது.

திரும்பிப் போகேக்கை கேக் அப்பிடியே இருந்தது. பழைய தேவாலயங்களுக்குள் வருமே, நனைஞ்ச சுண்ணாம்பு மணம், அது அறை முழுக்க. படையலை எடுக்கமுன்னம் அந்த இடத்தில் ஆரும் இருக்கக்கூடாது. எனக்குத் தெரியும். டெல்சிக்குத் தெரியாது.

நான் சொல்லேல்லை.

அவள் இருந்தாள்.

சிரிப்பு நிண்டது.

"அக்கா," எண்டாள் மெல்ல, "என்ர மடியில ஆரோ இருக்கினம்."

அவளின்ர பாவாடை துடையோடை அமுங்கிக் கிடந்தது. லோரென்ஸ் கையைப் பிடிச்சு இழுத்தும் எழும்ப ஏலேல்லை.

தட்டை நான் உடனே எடுக்கேல்லை.

எடுத்தபிறகுதான் விட்டுது.

டெல்சி அந்த வேலை வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்திட்டாள். கால் இன்னும் விறைப்பாம். இடம் எனக்கு வந்தது. நீங்கள் ஏசுவியள். ஏசுங்கோ. எனக்கு வரவேண்டியதுதான் வந்தது.

புதுக் கந்தோருக்கு அந்தக் கதிரையும் வந்தது. நான் கேக்கேல்லை, சாமான் ஏத்தினவைக்கும் தெரியாதாம். அதில்தான் இருந்து எழுதுறன். வெளியில் நல்ல வெயில். புது ஆக்களோடை சிரிச்சுக் கதைச்சால் காதடியில் குளிருது. மதியம் ஒருத்தி கோப்பி குடிக்கக் கூப்பிட்டாள். அவளின்ர கோப்பை கையிலேயே வெடிச்சுது. நான் உங்களுக்கு எழுதிறதும் அவவுக்குப் பிடிக்கேல்லைப்போல. விரல் விறைக்குது.

அன்புடன்,
புஸ்பவதி

பி.கு. இதை உறையின்ர வெளிப்பக்கத்தில் எழுதுறன். ஒட்டுறதுக்குப் பசையில் நாக்கை வைக்கப் போனன். ஏற்கனவே ஈரம். ஆரோ இப்பதான் நக்கினமாதிரி, இளஞ்சூடு. அமத்தி ஒட்டிப்போட்டன். தபால் எடுக்கிறவர் வந்து நிக்கிறார். குடுக்கிறன்.