நாகன் வாசலில் குச்சிக்கட்டு

1937ஆம் வருஷத்து மழைக்காலத்தில் ஒரு காலை, சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு ஓடிவந்த தீர்த்தனுக்குப் பேச்சே வரவில்லை. ஓய்வுபெற்ற ரேஞ்சர் செபாஸ்டின் முதலில் தண்ணீர் கொடுத்தார். பூச்சி சேகரிப்பதும் ஊர் விவகாரங்களைத் துப்பறிவதும் அவருக்கு ஒன்றுதான்.

"எஞ் சம்சாரம் காசியம்மாள சூனியக்காரிங்கறாங்க அய்யா. பொழுது சாயறதுக்குள்ள மலைய வுட்டே தொரத்தப் போறாங்க."

அதே ஊர் நாகன் வீட்டு வாசல் நிலையிலும் அடுத்த வீட்டு நிலையிலும் விரல் நீளக் குச்சிக்கட்டுகள் தொங்கினவாம். தொங்கவிட்டவரை யாரும் பார்க்கவில்லை. நாகனின் கன்று செத்ததும் ஊர் நடுங்கிப்போயிற்று. அதேபோன்ற கட்டுகள் காசியம்மாளின் வேலமரத்திலும் இருந்தன. வேறென்ன சாட்சி வேண்டும்?

அவருடைய உதவியாளன் தர்மன் மலையேறும் வழியெல்லாம் வீரம் பேசினான். நாகன் வாசலைக் கண்டதும் செபாஸ்டினின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிவிட்டான். ஊரார் கையில் தடிகளோடு நின்றார்கள். ஒரு கட்டைச் சுற்றிச் சின்னக் கறுப்பு அந்துப்பூச்சி ஒன்று படபடத்தது. செபாஸ்டின் அதையும் பார்த்தார், புதிதாகப் போட்ட முள்வேலியையும் பார்த்தார். முள்ளில் இலைகள் வாடியிருந்தன. பக்கத்து வீட்டிலும் புதுவேலிதான்.

"நாகா, இந்த முள்ள எங்க வெட்டுனீங்க?"

நாகன் காசியம்மாள் வீட்டுப் பக்கம் கை காட்டினான். "ரெண்டு வூட்டுக்கும் அவ மரத்துலதாங்க. கேக்காம வெட்டிட்டோம். அந்தக் கோவத்துலதான் சூனியம் வெச்சுட்டா."

செபாஸ்டின் ஒரு கட்டைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்தார். கூட்டம் பின்வாங்கியது. கட்டு அசைந்தது. நுனியிலிருந்து ஒரு தலை நீண்டு, கட்டை இழுத்துக்கொண்டு நகரத் தொடங்கியது.

"இது புழு. வேல எலையத் தின்னு, வாயில வர்ற நூலால குச்சிய ஒட்டி வூடு கட்டிக்கும். முள்ளோட உங்க வேலிக்கு வந்துச்சு. எல காஞ்சதும் நெலைக்கு ஏறிடுச்சு. பழைய வேலி இருக்கற வூட்டுல ஒண்ணாச்சும் தொங்குதா?"

ஊரார் பழைய வேலி வீடுகளைத் திரும்பிப் பார்த்தார்கள்; ஒன்றும் தொங்கவில்லை. கன்றுக்குக் கழிச்சல் கண்டிருந்ததை நாகனே ஒப்புக்கொண்டான்.

செபாஸ்டின் இன்னொரு கட்டைக் கத்தியால் கீறினார். உள்ளே இறக்கையில்லாத வெளிறிய உடல் ஒன்று சுருண்டிருந்தது.

"அந்தக் கறுப்புப் பூச்சி ஆணு. இது பொண்ணு. வெளியவே வராது. உள்ளயே முட்ட வெச்சு உள்ளயே செத்துடும்."

தடிகள் கீழே விழுந்தன. வெட்கப்பட்ட ஊரார் அத்தனை பேரும் காசியம்மாளைக் கூப்பிடப் புறப்பட்டார்கள். அவ்வளவு காலடிகள் அவள் வாசலை நெருங்கியதும், உள்ளே அம்மிக்கல்லை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"காசி, நாந்தான். எல்லாம் தீந்துபோச்சு" என்றான் தீர்த்தன்.

"அவங்கள போவச் சொல்லு."

செபாஸ்டின் கையசைத்தார். எல்லோரும் போய்விட்டார்கள். வெகுநேரம் தீர்த்தன் கெஞ்சினான். கதவு திறக்கவில்லை.