மூவாயிரம் அடியில் ஒரு வெளிச்சம்

மெழுகுவர்த்தியை அணைத்த பிறகும் அந்த மஞ்சள் புள்ளி திரையில் இருந்தது.

இன்பசேகரன் விரல் நுனியில் ஒட்டிய சூடான மெழுகைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அலமாரி மேல் ஸ்டீவின் படம். அதன் முன்னால், கருகிய திரியிலிருந்து நூலாய் எழும் புகை. மகனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மனைவி ஜெஸி ஏற்றிய மெழுகுவர்த்தி. ஒன்று உருகித் தீர்வதற்குள் அடுத்ததை அதிலிருந்தே பற்றவைப்பாள். முப்பதாம் நாள் பூசை வரை அது அணையக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். நாளை முப்பதாம் நாள். பூசைக்குப் பெயர் கொடுக்கக் கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் மறுபடி ஏற்றிவிடலாம் என்றுதான் அணைத்தார். அதன் பிரதிபலிப்புதான் திரையைக் கெடுக்கிறது என்று நினைத்திருந்தார்.

திரையில் ஸ்டீவ் விளையாடும் விமான விளையாட்டின் விமானி அறை. இருபத்தொன்பது நாளாக அதே அறை. மதுரையில் இறங்க வேண்டிய விமானத்தை ஒத்தக்கடைக்கு மேலே, மூவாயிரம் அடியில், பாதியில் நிறுத்திவிட்டு அன்று எழுந்தான் ஸ்டீவ்.

"வெளிச்சம் செட்டாகலப்பா. உள்ள பாத்தா வெளிய வெளுக்குது, வெளிய பாத்தா மீட்டரெல்லாம் இருட்டாயிருது. அம்மாவக் கூட்டிட்டு வந்து சரி பண்ணுறேன். புண்ணியமாப் போகும், நீங்க தொட்டுறாதீங்க."

பைக் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது. மேலூர் ரோட்டில் கல் ஏற்றி வந்த லாரி ஒன்று அவனை வீட்டுக்கு வரவிடவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர். "பிள்ளைய அந்தரத்துல தொங்கவிட்டுட்டு பூசை வச்சா அவன் போய்ச் சேருவானாங்க? காலையில அத அணைச்சிருங்க" என்று ஜெஸி சொல்லிவிட்டாள். சரி என்றிருந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அணைப்பதற்கு முன்னால் அந்த விமானம் தரையிறங்க வேண்டும். அவன் கேட்ட வெளிச்சத்தில் இறங்க வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒளியைப் பற்றிப் பாடம் நடத்தியவருக்கு இரண்டு மணி நேரமாக ஒரு சாயங்காலத்தைச் சரிசெய்ய முடியவில்லை. மானிட்டருக்கு அடியில் ஒரு பட்டன், கம்ப்யூட்டருக்குள் ஒன்று, விளையாட்டுக்குள் இன்னொன்று. ஒன்றை ஏற்றினால் மற்றது கவிழ்த்தது. போனில் ஸ்டீவின் கூட்டாளி கிரிதர்.

"ஆட்டோ பிரைட்னஸ ஆஃப் பண்ணீங்களா அங்கிள்?"

"மூணு தடவ பண்ணிட்டேன்யா. ஆனைமலை சுண்ணாம்பு அடிச்ச கணக்கா நிக்குது."

"அப்ப கொஞ்சம் கொறைங்க."

"கொறச்சா மலையே காணாமப் போகுது. அம்புட்டுப் பெரிய மலை! இதச் செஞ்சவன் என் கிளாஸ்ல படிச்சிருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்."

"எங்களத்தான் ஏத்துனீங்களே, பத்தாதா?"

"சிரிக்காதடா. இங்க ஒரு மஞ்சப் புள்ளி வேற."

"பிக்ஸல் கெட்டிருக்கும் அங்கிள். மவுஸ வச்சுப் பார்வையத் திருப்புங்க. கெட்டுப்போனதுன்னா திரையில அங்கனயேதான் நிக்கும்."

திருப்பினார். புள்ளி நிற்கவில்லை. வயலோடும் தென்னையோடும் சேர்ந்து நகர்ந்தது.

"நகருதுடா."

"அப்ப ஏதோ வீட்டு லைட்டு. பஸ் வந்துருச்சு அங்கிள், ஏறிட்டுக் கூப்பிடுறேன்."

போன் அடங்கியதும் அறையின் சத்தங்கள் தனியாகக் கேட்டன. கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சல், இன்வெர்ட்டரின் முனகல், ஜன்னலை இருட்டாக்க அவர் தொங்கவிட்ட போர்வைக்குப் பின்னால் மழைக்கு முந்திய காற்று கம்பியில் உரசும் ஓசை. கருகிய திரியின் வாடை இன்னும் போகவில்லை. திரையில் மலையின் வாலைப் பிடித்து, நான்குவழிச் சாலையைத் தொடர்ந்து, காலேஜ் திருப்பம், மூன்றாவது தெரு என்று கண்ணாலேயே வழி தேடிப் போனார். புள்ளி இருந்த இடத்தில் ஒரு பெட்டி வீடு. இவர்கள் வீடு. மொட்டை மாடியில் வெளிச்சம்.

சலிப்போடு மானிட்டரின் பட்டனை அழுத்தினார். அறுபது. நாற்பது. வயல்கள் மங்கின. இருபது. மலை போயிற்று. சாலை போயிற்று. பூஜ்யம். திரை முழுக்க இருட்டு.

புள்ளி மட்டும் துளிகூட மங்கவில்லை.

அது திரையின் வெளிச்சம் இல்லை என்பது அவருக்கு அப்போது புரிந்தது. பாடம் நடத்துகிறவரின் புத்தி அதைச் சொல்லிவிட்டு அத்தோடு நின்றுவிட்டது.

புள்ளி பெரிதாயிருந்தது.

விமானம் இறங்குகிறதோ? அவர் எந்த விசையையும் தொடவில்லை. திரை வெளிச்சத்தை இரண்டு சொடுக்கு ஏற்றிப் பார்த்தார். உயரம் காட்டும் முள் மூவாயிரத்தில் ஆடாமல் நின்றது. விமானம் நிற்கிறது.

வெளிச்சம்தான் மேலே வருகிறது.

காற்றில் அலையும் சுடர். ஒரு பக்கம் மறைந்திருந்தது. யாரோ கையால் அணை கட்டிக் கொண்டுவருவதுபோல. மெதுவாக. படி ஏறுவதுபோல, நின்று, நின்று.

எழுந்திருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்க வேண்டும். தெரிந்தது. கட்டைவிரல் பட்டனைவிட்டு வரவில்லை. இருபத்தொன்பது நாளாக அவர் கேட்டது அவனை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதைத்தானே.

பத்து. விமானத்தின் முன்கண்ணாடிச் சட்டம்.

இருபது. அதற்கு வெளியே சுடர். சுடருக்குப் பின்னால் உள்ளங்கை. விரலிடுக்கில் சிவப்பு ஒளி.

முப்பது. வெள்ளைச் சட்டை. பெட்டிக்குள் வைக்கும்போது போட்டுவிட்ட சட்டை. கழுத்துப் பொத்தானை அவர்தான் மாட்டினார்.

"ஸ்டீவ்."

நாற்பது.

தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிந்த துணி. மூக்குத் துவாரங்களில் பஞ்சு. வாய் திறக்க முடியாத அந்த முகம் கண்ணாடியில் அழுந்தியிருந்தது. இன்னொரு கை புருவத்துக்கு மேல் குவிந்திருந்தது, வெளியே நிற்கிறவர் இருட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும்போது வைத்துக்கொள்வதுபோல. கண்கள் நாற்காலியைத் தாண்டின. அலமாரியில் தேடின. போர்வை போட்ட ஜன்னலில் தேடின. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

சுடரைக் கொஞ்சம் உயர்த்தி, கண்கள் திரும்பி வந்தன.

அவர் மேல் நின்றன.

தாடைத் துணியின் முடிச்சு, உள்ளிருந்து இழுபட்டு, மெல்ல அவிழத் தொடங்கியது.