வாசற்கல் கேட்ட சொல்

கல்லின் தீர்ப்பு வந்த அன்று வஞ்சிக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய குதிரைப் பண்ணை வழியாக நடக்கவோ, உள்ளே வண்டி நிறுத்தவோ மேலூர்க்காரர்களுக்கு உரிமை இல்லை என்று அவள் வீட்டு வாசற்கல்லே சாட்சி சொல்லிவிட்டது. வென்றவள் அவள்தான். ஆனாலும் இழவு வீட்டில் இருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

இயந்திரங்கள் பத்திரங்களை அச்சு அசலாகப் போலி செய்யத் தொடங்கியதோடு காகிதத்தின் காலம் மலையேறிவிட்டது. இப்போது கல்செவி என்ற கருவிதான் எல்லாம். தன் முன்னால் பேசப்பட்ட பேச்சின் அதிர்வைக் கல் பல்லாண்டு தாங்கும். கல்செவி அதை உருவிப் படிக்கும். சொல்லிக்கொடுத்துப் பேசிய பேச்சு என்றால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். சட்டமும் அதற்கேற்ப மாறியது. கேட்காமல் நடந்தவனுக்கு வழி சொந்தம். கேட்டு நடந்தவன், நிலம் அடுத்தவருடையது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட விருந்தாளி. நல்ல சட்டம் போங்கள்!

மேலூருக்கு வண்டி ஏறாது. பண்ணைப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் குதிரைத் தடத்தில் ஏறிப் போக வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளைக் கட்டிலோடு அந்த மரத்தடிக்குத்தான் தூக்கி வருவார்கள். கொங்குச் சீமை மரியாதை சும்மா விடுமா? வீட்டில் ஆள் இல்லாவிட்டால்கூட வாசலைப் பார்த்து, "வண்டிய நிறுத்திக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நிறுத்துவார்கள். கல்செவியில் அது மழைபோலக் கொட்டியது.

வஞ்சிக்கொடிக்கு முழங்கால் போய்விட்டது. பண்ணையை விற்றே ஆக வேண்டும். வாங்க வந்து, கல்செவி வைத்துப் பார்க்கச் சொன்ன சொகுசு விடுதிக்காரர், முதல் வேலையாகத் தடத்தை அடைக்கப்போவதாக அவளிடமே சொன்னார். ஆடி மழையில் வேலி சாய்ந்து குதிரைகள் சிதறியபோது, மேலூரே இறங்கி வந்து ஒன்று விடாமல் பிடித்துக் கட்டியது. அந்த நன்றியை அவள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்?

கேட்காமல் போங்களப்பா என்று கெஞ்சியும் பார்த்தாள். வண்டியோட்டி மாரப்பன் வாயை இறுக மூடிக்கொண்டு நிறுத்தினான், இரண்டடி நடந்தான், திரும்பி வந்தான்.

"நிறுத்திட்டனுங்கம்மா. பரவால்லீங்களா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் பொறி தட்டியது. கேட்பவர் விருந்தாளி என்றால், அது யார் கேட்டாலும்தானே? உடையவளே கேட்டுவிட்டால் பழைய பேச்சு எதுவும் நிற்காதே!

மறுநாள் காலை செம்பி என்ற கிழட்டுப் பெண்குதிரையைப் பிடித்துக்கொண்டு வாசற்கல் அருகே நின்றாள். மாரப்பனும் நாலு பேரும் தடத்தில் இறங்கி வந்தார்கள்.

"ஏனப்பா, இந்தத் தடத்துல குதிரையக் கூட்டிட்டுப் போய் மரத்தடில கட்டிக்கட்டுமா?"

மாரப்பன் சிரித்தான். உங்கள் இடத்தில் எங்களைக் கேட்பதா என்றான். அவள் அசையவில்லை. வெயில் ஏறியது. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. இவர்கள் இல்லாவிட்டால் இந்தக் குதிரையே இல்லை என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிக்க வேண்டியிருக்கவில்லை. கேட்டவரை நிற்கவைத்துப் பார்க்கிற நெஞ்சு மேலூரில் யாருக்கும் கிடையாது.

"ஐயோ, கேட்டுட்டு நிக்கலாமுங்களா? தாராளமாப் போய்க் கட்டிக்குங்கம்மா," என்றான் மாரப்பன்.

"ரொம்ப நன்றியப்பா," என்றாள். கல்லும் கேட்டுக்கொண்டது.

விடுதிக்காரர் மறுபடி கல்செவியோடு வந்தபோது தடமும் மரத்தடியும் மேலூருக்குச் சொந்தமாகியிருந்தன. அதைக் கழித்துப் பேரம் பேசி மீதியை வாங்கினார். மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் தன் வண்டிகளை மரத்தடியில் நிறுத்தத் தொடங்கினார். சில வருஷம் அவரும் வாய் திறக்காமல், உடையவர்களும் அனுமதி சொல்லாமல் இருந்தால் இடம் தானாக அவருடையதாகிவிடும் அல்லவா?

வஞ்சிக்கொடி பண்ணை ஓரத்தில் தனக்கென வைத்துக்கொண்ட சின்ன வீட்டிலிருந்து இதையெல்லாம் பார்ப்பாள். முதலில் பயந்தாள். அப்புறம் பயம் போய்விட்டது. விடுதிக்காரர் வாயை மூடிக்கொண்டு வண்டியை நிறுத்துகிற ஒவ்வொரு நாளும், மேலூர்க்காரர் யாராவது ஒருவர், சட்டம் கிட்டம் எதுவும் நினைக்காமல், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று அவரிடம் மனதாரச் சொல்லிவிட்டுப் போனார்:

"நிறுத்திக்குங்க சாமி, நிறுத்திக்குங்க. நீங்க கேக்கோணுங்களா?"