சிலுப்பாத கிடா

கறி வேகவில்லை.

உச்சிப்பொழுதில் அடுப்பேற்றிய அண்டா. வேலிக்கருவை விறகு திகுதிகுவென்று எரிந்து பாதி கங்காகிவிட்டது. குழம்பு கொப்பளித்து விளிம்பு தாண்டி வழிந்து, தீயில் சொட்டுச் சொட்டாக விழுந்து பொசுங்கிக்கொண்டிருக்கிறது. மல்லியும் சீரகமும் சேர்ந்த வாசம் எழுமலை ஊருக்கு வெளியே தனியாக நிற்கிற அந்தத் தோட்டத்து வீட்டையே நிறைத்துவிட்டது. ஆனாலும் பாண்டீஸ்வரி கரண்டியில் அள்ளிக் காட்டிய துண்டு, காலையில் தோலுரித்தபோது இருந்த மாதிரியே, ஈரச்சிவப்பாக இருந்தது.

“கெழட்டுக் கெடாவா தம்பி?” என்று கொழுந்தன் சுருளியிடம் கேட்டாள்.

“இல்ல மதினி. எளங்கெடாதான்.”

அவள் அண்ணன் கருத்தக்கண்ணன் வேப்பமரத்து நிழலில் இலை நறுக்கிக்கொண்டிருந்தான். “மாப்ள, ஓசூர்ல பார்சல் கட்டுற கையால கறிய அள்ளிப் போட்டியா? டேப்பப் பிரிச்சு விட்டாத்தான் வேகும் போல.”

பந்திக்குக் காத்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா பேயாண்டி, வாதத்தில் எப்போதும் நடுங்கும் வலதுகையை இடதுகையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுருளிக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. கரண்டியில் கிடந்த துண்டையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஈ உட்கார்ந்தால் மாட்டின் தோல் ஓரிடத்தில் மட்டும் வெட்டி இழுக்குமே, அது மாதிரி அந்தத் துண்டு ஒருதரம் இழுத்து அடங்கியது.

பாண்டீஸ்வரி பார்க்கவில்லை. துண்டை அண்டாவிலேயே கவிழ்த்துவிட்டு, தூளியில் சிணுங்கிய பிள்ளையைத் தூக்கப் போனாள்.

அவர்களுடைய சாமிக்கு உருவம் கிடையாது. ஒரு பெட்டிதான். ஆள் ஒருவன் தலையில் சுமக்கிற அளவுக்கு ஒரு மரப்பெட்டி, அதைச் சுற்றிக் கறுத்துப்போன காவித்துணி, அதற்கு மேல் கயிறு. வருசம் முழுக்கச் சுருளியின் அண்ணன் காளையின் வீட்டு உள்ளறையில் இருக்கும். மாசி மாதம் சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போகும், கும்பிட்டு முடித்ததும் வீடு திரும்பும். அதைத் திறந்தவர் யாரும் இல்லை. ஓசூரில் சுருளியோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற மதுரைக்கார அசீம் ஒருமுறை ஆச்சரியமாகக் கேட்டான். “எங்களுக்கும் உருவம் இல்ல மாப்ள, அது புரியுது. ஒங்க பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தருக்குமா தெரியாது?” சுருளி யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “தெரிஞ்சுக்கணும்னு யாருக்கும் தோணுனதில்ல.”

பெட்டி வீடு திரும்பும் நாளில் வாசலில் கிடா வெட்டுவார்கள். இந்த வருசத்துக் கிடா வெறும் கிடா இல்லை. காளைக்கும் பாண்டீஸ்வரிக்கும் வெகுகாலம் கழித்துப் பிறந்த பெண்பிள்ளை, கை அகலம்கூட இல்லாமல், மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கூண்டுக்குள் கிடந்தபோது, காளை பெட்டி முன்னால் நின்று, “ஒரு உசுரக் குடு, ஒரு உசுர வாங்கிக்க” என்று சொல்லியிருந்தான். பிள்ளை பிழைத்தது. இன்றைக்குப் பெட்டி வாங்கிக்கொள்ள வேண்டியது அந்த ஓர் உயிரைத்தான்.

அதற்கு ஒரு முறை உண்டு. கிடாவின் தலையிலும் முதுகிலும் மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள். கிடா தானாக உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் உத்தரவு, சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாத கிடாவின் மேல் அரிவாள் ஓங்கக் கூடாது.

இன்று காலையில் கிடா சிலுப்பவில்லை.

செம்பு செம்பாக ஊற்றினான் காளை. தண்ணீர் அதன் தாடியில் சொட்டியது, வயிற்றில் ஓடியது, குளம்படியில் குட்டையாகத் தேங்கியது. கிடா கல்லாட்டம் நின்றது. கொட்டுக்காரர்கள் கை ஓய்ந்து பார்த்தார்கள். பெண்கள் குலவையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கொம்பைப் பிடித்திருந்தவன் சுருளி. சாயங்காலம் மதுரை மாட்டுத்தாவணியில் அவன் ஓசூர் பஸ் ஏறியாக வேண்டும். நாளைக்கு வேலைக்கு வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று குடோன் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். தடவிக்கொடுப்பது போல அவன் உள்ளங்கையைக் கிடாவின் தலையில் வைத்தான். கையில் தேங்கியிருந்த தண்ணீரை அதன் காதுக்குள் சரித்தான்.

கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் உதறியது. குலவை வெடித்தது. அரிவாள் இறங்கியது.

வெளியூர்களில் யாராவது அப்படிச் செய்வதுண்டு என்று கேலியாகப் பேசிக்கொள்வார்கள். இந்தப் பெட்டிக்கு முன்னால் யாரும் செய்ததில்லை. தலை துண்டாகி மண்ணில் உருண்ட பிறகும் கிடாவின் கண் சுருளியின் முகத்தைவிட்டு நகரவில்லை. கழுத்திலிருந்து பீச்சிய ரத்தம் அவன் முழங்காலில் சூடாக அடித்தது. வாசல் மண் அதைக் குடிக்கவும் இல்லை. எண்ணெய் மாதிரி மேலேயே நின்றது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அண்டா இன்னும் கொதித்தது. கறி இன்னும் சிவப்பு. பசித்த பிள்ளைகள் முறுக்கைத் தின்றுவிட்டு அங்கங்கே தூங்கிப்போனார்கள். மேற்கு மலையிலிருந்து காற்று இறங்க ஆரம்பித்தது. மாசிக் காற்று, ஈர உடம்பில் பட்டால் ஊசியாகக் குத்துகிற காற்று.

சுருளி கூரைக்கு அடியில் ஒதுங்கி, போனை எடுத்து, சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்ப, பேச்சை எழுத்தாக்குகிற மைக்கை அழுத்தினான். ‘சார், கொஞ்சம் லேட்டாகும்’ என்று சொல்ல வாயைத் திறந்தான். அவன் பேசுவதற்கு முன்னாலேயே எழுத்துகள் ஓடின.

ஊத்து.

அவன் நிறுத்தினான். அழித்தான். மறுபடி அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பார்த்தான்.

ஊத்து. இன்னும் ஊத்து. இது இல்ல. இன்னும் ஊத்து.

அவன் முதுகு உள்ளறைச் சுவரில் சாய்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி இருக்கிறது. கிடா வெட்டியதிலிருந்து காளை அங்கேதான் இருந்தான், சாமி முன் மூச்சுப்படாமலிருக்கத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, விரதம் விடாமல். இப்போது சுவர் வழியாகச் சுருளியின் முதுகெலும்புக்குள் ஒரு தட்டல் வந்தது. மரத்தை உள்ளேயிருந்து கொம்பால் இடிப்பது போல.

டொக்.

அவன் சுவரைவிட்டுத் துள்ளி விலகினான். பாண்டீஸ்வரி பிள்ளைக்குப் பாலூட்டி முடித்துவிட்டு வாசலில் நின்றிருந்தாள்.

“மதினி, இன்னொரு கெடா வாங்கிருவோம். இப்பவே. நான் உசிலம்பட்டிக்கு வண்டிய எடுத்துட்டுப் போறேன்.”

“என்னா பேச்சு இது? வெட்டுன கெடாவே வேகாமக் கெடக்கு.”

“அது அதுவா சிலுப்பல. நான்தான் காதுல தண்ணிய விட்டேன். பஸ்சுக்கு நேரமாச்சுன்னு.”

அவள் கத்தவில்லை. பிள்ளையை மாரோடு இழுத்து முந்தானையால் மூடினாள்.

“அப்ப எம்புள்ளைக்கு ஈடு இன்னும் போகலையா?”

உள்ளறைக் கதவு திறந்தது.

காளை வந்தான். வாய்க்கட்டு அவிழவில்லை. ஒரு கையில் மஞ்சத்தண்ணிக் குடம், தோளில் அரிவாள். கண்கள் காளையுடையவை இல்லை. கிடாவின் கண்களைப் போல, கருமணி குறுக்குக் கோடாகக் கிடந்தது.

“சாமி வந்துருச்சுடோய்!” என்று யாரோ சந்தோசமாகக் கத்தினார்கள். பெண்கள் கும்பிட எழுந்தார்கள்.

அவன் முதலில் வீட்டு நாயிடம் போனான். தண்ணீர் ஊற்றினான். நாய் உதறியது. எந்த நாயும் உதறும். அரிவாள் ஒரே இழுப்பில் அதை இரண்டாக்கியது. பின்பாதி சற்று நேரம் ஓடப் பார்த்தது.

கும்பிட்ட கைகள் அப்படியே நின்றன.

உள்ளே, டொக்.

காளை தலையை ஆட்டினான். இது இல்லை. அடுத்து பெரியப்பா பேயாண்டி. கட்டிலிலிருந்து எழ முடியாதவர். நரைத்த தலையில் தண்ணீர் வழிந்தது. அவர் வலதுகை, இடதுகைப் பிடியை மீறி, வழக்கம்போல் நடுங்கியது.

“ஏலே காளை, இது வாதம்டா. எப்பவும் ஆடுறதுதானடா. ஒனக்குத் தெரியாதா…”

சொல்லிமுடிப்பதற்குள் தலை தொங்கிவிட்டது. கட்டில் கயிற்றின் வழியாக ரத்தம் கீழே இழையிழையாக இறங்கியது. கை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

டொக். டொக்.

“பிடிங்கடா அவன!” கருத்தக்கண்ணன் இலை நறுக்கிய கத்தியோடு பாய்ந்தான். குடத்துத் தண்ணீர் அவன் முகத்தில் அறைந்தது. கண்ணில் விழுந்த மஞ்சளுக்குத் தலையை உதறினான், அவ்வளவுதான். தோளில் இறங்கிய அரிவாள் நெஞ்செலும்பில் போய் நின்றது. காளை அவன் மார்பில் மிதித்து அதை உருவ வேண்டியிருந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம். கருத்தக்கண்ணன் பாண்டீஸ்வரியைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான். வாயில் குமிழி மட்டும் வந்தது.

டொக்.

அலறல் நின்றுபோனது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஓடினால் உடம்பு உதறும். அழுதால் தோள் குலுங்கும். வாசலில் நின்ற அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே விறைத்தார்கள். காளை வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தான். தண்ணீர் இறங்கும் சத்தம். மலைக்காற்று. கடித்த பற்களின் நெறிப்பு. ஒரு பெண்ணின் காலில் மூத்திரம் வழிந்தது. அவள் அசையவில்லை.

குடம் பாண்டீஸ்வரியின் தலைக்கு மேல் வந்தபோது, அவள் பிள்ளையைப் பக்கத்தில் நின்ற சுருளியின் கைக்கு மாற்றினாள். அவன் இன்னும் நனையாதவன். அவள் தலையில் தண்ணீர் கொட்டியது. சேலை உடம்போடு ஒட்டியது. அண்ணனுடைய ரத்தத்தில் கால் வைத்து, கண்ணைத் திறந்தபடி, கல்லாட்டம் நின்றாள். காளை காத்திருந்தான். பிறகு நகர்ந்தான்.

சுருளி பிள்ளையைச் சட்டைக்குள் நுழைத்துப் பித்தானைப் போட்டான். வயிற்றில் இளஞ்சூடு. பால் வாசம். பிள்ளை அவன் நெஞ்சு முடியை விளையாட்டாகப் பிடித்து இழுத்தது.

“அண்ணே,” என்றான். “காதுல தண்ணி விட்டது நான்தான். என்னைய வெட்டு. இந்தா.”

தலையை ஆட்டினான். தோளைக் குலுக்கினான். கிடா உதறியதுபோலவே உதறிக் காட்டினான்.

குறுக்கு விழிகள் அவனைப் பார்த்தன. வாய்க்கட்டுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் அண்ணனுடையதாகவே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

“நீயா ஆட்டுனா செல்லாதுடா தம்பி. தானா வரணும்.”

தண்ணீர் விழுந்தது. பிடரி. முதுகு. பனிக்கட்டிபோல். அவன் மூச்சை நிறுத்தினான். நாளெல்லாம் அவனுக்குள் இருந்த நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. உடம்பு மரக்கட்டையாகிவிட்டது. வா, வா என்று கூப்பிட்டான். வரவில்லை. தண்ணீர் தோளைத் தாண்டியது. காலரைத் தாண்டியது. சட்டைக்குள் இறங்கியது.

பிள்ளையின் முதுகில் அது தொட்டதை அவன் வயிற்றால் உணர்ந்தான். இளஞ்சூட்டுக்குள் ஒரு சில்லிப்பு. அதன் பிஞ்சுத் தண்டுவடத்தில் ஏதோ ஒன்று கிளம்பியது. சிறிய அலை.

அரிவாள் உயர்ந்தது.

சுருளி இரண்டு கைகளாலும் இறுக்கினான். அலை எழ இடம் இல்லாமல். பிஞ்சுக் கால்கள் அவன் விலாவில் உதைத்தன. இன்னும் இறுக்கினான். தாடையை அதன் உச்சியில் அழுத்தினான். நெஞ்சு முடியைப் பிடித்திருந்த விரல்கள் முறுக்கின. ஆடாதே. ஆடாதே கண்ணு. கொஞ்ச நேரம். கொஞ்ச நேரந்தான்.

காளை காத்திருந்தான்.

காற்று அடித்தது. வேப்பிலை உதிர்ந்தது. சுருளி கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினான்.

நெஞ்சு முடியிலிருந்த பிடி தளர்ந்தது.

உள்ளறையில் சத்தம் நின்றது.

அரிவாள் மண்ணில் விழுந்தது. காளை வாய்க்கட்டை மெதுவாக அவிழ்த்தான். வெகுதூரம் நடந்து வந்தவன் மாதிரி பெருமூச்சு விட்டான்.

“உத்தரவு ஆயிருச்சு,” என்றான்.

யாரும் அசையவில்லை. பாண்டீஸ்வரி மட்டும் முன்னால் வந்தாள். விரல் நுனிகளில் மஞ்சள் சொட்டியது. இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“பாப்பாவக் குடுங்க தம்பி.”

சுருளி பிடியைத் தளர்த்தவில்லை. இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“சிலுப்பல மதினி,” என்றான். “பாருங்க, பாப்பா சிலுப்பவே இல்ல.”