பஞ்சு மாமாவின் பரஸ்தானம்

ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சு மாமா செம்பூரிலிருந்து பஸ் பிடித்து, மாட்டுங்காவில் நம்பிராஜன் குடியிருந்த மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தார். கையில் ஒரு நீலப் பை.

"செவ்வாய்க்கிழமை பிளேன். செவ்வாயோ வெறும்வாயோங்கறா. அதான் நல்ல நேரம் பார்த்து இந்தப் பையை உன் ஆத்துல பரஸ்தானம் வெச்சுடறேன். இப்பவே கிளம்பின மாதிரி ஆச்சு. நாளன்னிக்கு நானே வந்து எடுத்துக்கறேன்."

மாமாவின் பிள்ளைக்கு சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரிக்கரை ஊரில் வேலை. சுற்றிலும் திராட்சைத் தோட்டம். ஒயின்தான் ஊருக்குப் பிழைப்பு. காபிக்கு மேல் எதையும் தொடாத மனுஷருக்காக, மதுவிலக்கு இருந்த பம்பாயில் உட்கார்ந்து, அந்தப் பயணத் திட்டத்தை ஏழு தடவை டைப் அடித்தவன் நம்பிராஜன். டிராவல் ஏஜென்சி குமாஸ்தா. எட்டு வருஷமாக ஊராரை அனுப்பி அனுப்பி அலுத்துப் போயிருந்தான். அவனுடைய பழுப்புப் பை பரணில் தூசி படிந்து கிடந்தது. அது புறநகர் டோம்பிவிலியைத் தாண்டியதில்லை.

"என்னையும் கூட்டிண்டு போங்கோ மாமா," என்றான் சலிப்போடு.

"அதுக்கென்ன, வாயேன்!" மாமா பையை மூலையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

அன்று சாயங்காலமே மார்வலி. மாமா போய்ச் சேர்ந்தார்.

திங்களன்று துக்கம் கேட்கப் போன நம்பிராஜன், பையையும் தூக்கிக்கொண்டு போனான். மாமாவின் தம்பி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பரஸ்தானம் வெச்ச பையை வெச்சவாதான் எடுக்கணும். நீ ஏன் தொட்டே? நாங்க தொட மாட்டோம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பை கனத்தது. மடியெல்லாம் ஈரம். புளித்த திராட்சை வாடை. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து தள்ளிப் போனார்.

பையைப் பழைய மூலையிலேயே வைத்தான். செவ்வாயன்று உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. நம்பிராஜன் லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தான். மனைவி சந்திரலேகா கடைக்குப் போயிருந்தாள். மத்தியானம் மூன்று மணி. மாமாவின் பிளேன் கிளம்பும் நேரம்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

ஒவ்வொரு மாடியிலும் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறியது.

கதவின் தாழ்ப்பாள் அசையவில்லை. ஆனாலும் அந்த இரைப்பு இப்போது அறைக்குள் கேட்டது. நம்பிராஜன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

"கிளம்பலாமா?"

காதோரத்தில்.

அவன் போர்வைக்குள் இன்னும் சுருண்டுகொண்டான். வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்தால், மூலை காலி. தரையில் மட்டும் ஈரம். விட்டதடா சாமி என்று அழுதேவிட்டான். பரணை அவன் பார்க்கவில்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போன் வந்தது. மாமாவின் தம்பி.

"நம்பி, அண்ணா படத்துக்கு முன்னால ஏத்தின விளக்குப் பக்கத்துல ஒரு பழுப்புப் பை இருக்கு. மேலே உன் பேர் எழுதியிருக்கு. எப்போ வந்து வெச்சே?"

"நான் வரலையே... யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்கோளேன்."

தம்பி மெல்லிய குரலில் சொன்னார்.

"ஈரமா இருக்குப்பா. நாங்க தொட மாட்டோம். நீதான் வந்து எடுத்துக்கணும்."