பதிவான முகம்

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், ஆடிட்டர் வீட்டில் இனி யாரும் சாகப்போவதில்லை. ஏழு காற்றுப்பை, ஐந்து நட்சத்திரப் பாதுகாப்பு, தானே பிரேக் போடும் மூளை, ஓட்டுகிறவர் கண்ணசந்தால் அதட்டி எழுப்பும் கேமரா, இத்தனையும் பொருந்திய பெரிய வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. ஆடிட்டர் அதையெல்லாம் அக்கம்பக்கத்துக்கு வாசித்துக் காட்டிய தோரணையில், எமன் வேறு தெருவுக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருக்க வேண்டும்.

சாவி வாங்கிய அன்று ஒரு சின்னக் கூத்து. ஓட்டுநரின் முகத்தை வண்டி பதிந்துகொள்ளும் நொடியில், வாயில் கிராம்பு மென்றுகொண்டு மச்சினன் குறுக்கே தலையை நீட்டிப் பல்லைக் காட்டினான். வண்டி அவனையே முதலாளியாக எடுத்துக்கொண்டது. அவனுடைய நெட்டைக் காலுக்கு ஏற்ப சீட்கூடப் பின்னால் ஓடியது.

"பாத்தீங்களா மாமா, வண்டிக்கே ஆள் தராதரம் தெரியுது. ஒரே ஒரு ரவுண்டு குடுங்க."

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்த ஸ்டியரிங் உன் கைக்கு வராதுடா. பின்னாடி ஏறு."

அதற்குப் பிறகும் அவன் கேட்டுக்கொண்டேயிருந்தான். இவரும் பின்சீட்டையே காட்டிக்கொண்டிருந்தார். பதிவை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான்.

போன வாரம் மச்சினன் மாரடைப்பில் போய்விட்டான். மனைவியை அவள் அம்மா வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, மழை பிடித்த ஒரு சாயங்காலம் ஆடிட்டர் தனியாகத் திரும்பினார். இருபுறமும் சுவர் எழுப்பிய நீண்ட புறவழிச்சாலை.

"உங்கள் கண்கள் மூடியிருக்கின்றன," என்றது வண்டி, இனிமையான பெண்குரலில். "ஓய்வு எடுக்கவும்."

"முழிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்," என்று கேமராவைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். குரல் மறுபடியும் அதையே சொன்னது. மறுபடியும். பொறுக்க முடியாமல் ஷோரூமுக்குப் போன் போட்டார்.

"வண்டி பாக்குறது பதிஞ்ச முகத்தை, சார். உங்களை இல்ல. அவரைக் கூட்டிட்டு வாங்க, மாத்திடலாம்."

"அவன் செத்துட்டான்யா!"

"அப்ப வண்டி சொல்றது சரிதானே, சார்?"

லைன் அறுந்தது. வைப்பரின் சீரான முனகலும், கூரையில் மழை விரல் விரலாகத் தட்டும் ஓசையும், புதுத் தோல் சீட்டின் கனத்த வாசனையும் சேர்ந்து உள்ளே இருந்த காற்றை மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே வர, அந்த வாசனைக்கு அடியிலிருந்து, எங்கோ மிக அருகில் யாரோ மெல்வதுபோல, இன்னொரு வாசனை கசிந்தது.

கிராம்பு.

ஓரம் கட்டப் பார்த்தார். ஸ்டியரிங் மென்மையாக மறுத்தது. சாலையில் போட்ட கோட்டைத் தாண்டக் கூடாதாம். ஓடும் வண்டியில் கதவு திறக்காது, குடும்பத்தின் பாதுகாப்புக்காக. இதையும் அவர்தான் அக்கம்பக்கத்துக்கு வாசித்துக் காட்டியிருந்தார். பெல்ட் நெஞ்சைக் கவ்வி ஒருமுறை இழுத்தது. இன்னொரு முறை. மூச்சு பாதியில் நின்றது.

அப்போது சீட் நகர்ந்தது.

பின்னால். இன்னும் பின்னால். நெட்டைக் காலுக்கு ஏற்றபடி.

பிரேக்கைத் தேடி அவர் கால் துழாவியது. எட்டவில்லை. கை நீட்டினார். ஸ்டியரிங் விரல்நுனியில் பட்டு விலகியது. அது தானாக, நிதானமாக, இடதும் வலதுமாக ஆடியது. ஆசை தீர ஓட்டிப் பார்ப்பதுபோல.

"டேய்... ஒரு ரவுண்டுதானே? ஒரே ஒரு ரவுண்டு. அப்புறம் என்னை இறக்கி விட்டுடு."

மெல்லும் சத்தம் மட்டும்.

அதுவும் நின்றது.

"கண்கள் திறந்துவிட்டன," என்றது வண்டி. "நன்றி."

மறுநாள் காலை வண்டி வாசலில் கச்சிதமாக நின்றிருந்தது. ஓட்டுநர் சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. அதற்கும் பின்னால், முழங்கால் மடங்கி, பின்சீட்டில் ஆடிட்டர். பெல்ட் போட்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன.

வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.