உப்பு பார்த்தது யார்?

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அடுப்பே மூட்டியிருக்கலாம்.

எங்கள் வீட்டுக் கோழிகளை வளர்ப்பது நான். பருந்து வந்தால் கல்லை எடுத்துக்கொண்டு ஓடுவது நான். கூண்டைக் கழுவுவதும் நான்தான். ஆனால் முட்டை மட்டும் என் தம்பி மயன்ஜாவுக்கு!

ஏன் தெரியுமா? அவன் பையன், நான் பெண். எங்கள் புகாண்டா நாட்டில் பெண்கள் முட்டை தின்னக் கூடாது. கோழிக்கறியும் கூடாது. இறகு பிடுங்கலாம், சமைக்கலாம், பரிமாறலாம். வாயில் வைத்தால்தான் குற்றம்.

"பொண்ணு கோழி தின்னா வயித்துல பிள்ளை தங்காதுடி" என்பாள் அத்தை. அப்பாவுக்கு அக்கா அவள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"கோழியும் பொண்ணுதானே அத்தை? அது மட்டும் வதவதன்னு குஞ்சு பொரிக்குதே?" என்றேன்.

"வாயைப் பாரு வாயை! எவன் வீட்டுல போய் என் மானத்தை வாங்கப்போறியோ!"

அந்த வருடம் பெண்களும் ஓட்டுப் போடலாம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுப் போடலாமாம், முட்டை சாப்பிடக் கூடாதாம். நல்ல நியாயம்!

இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். அம்மாவுக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் என்னால் முடியவில்லை.

அம்மா துணியாய்த் துவண்டு கிடந்தாள். பால் போதாமல் பாப்பா வீல் வீலென்று அழுதது. மருத்துவமனை நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "முட்டை குடுங்க, கோழிச் சாறு குடுங்க. உடம்புல தெம்பில்லாம பால் எப்படி ஊறும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நான் ஒரு முட்டையை அவித்து, உரித்து, அம்மா கையில் வைத்தேன்.

"வேண்டாம் நசூனா. உங்க அத்தைக்குத் தெரிஞ்சா..."

தெரிந்துவிட்டது. அத்தை விடுவிடுவென்று உள்ளே வந்தாள். முட்டையைப் பிடுங்கி மயன்ஜாவிடம் கொடுத்தாள். அவன் இரண்டே கடியில் விழுங்கிவிட்டான்.

"ஏன்டா தின்ன?" என்று அவன் காதைத் திருகினேன்.

"கையில குடுத்தாங்கக்கா! நான் என்ன செய்ய?" என்று அவன் அழுதான்.

அவன் அழுதான், பாப்பா அழுதது, அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைப் பார்க்க அப்பாவின் சிநேகிதர்கள் வருவதாக இருந்தது. நான் வளர்த்த சேவலைத்தான் அறுத்தார்கள். அத்தை லுவோம்போ செய்யப் போகிறாள். கோழியை நிலக்கடலைச் சாற்றில் வேகவைத்து, வாட்டிய வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி, ஆவியில் வைப்பது. அத்தை கை லுவோம்போ என்றால் ஊரே நாக்கைச் சப்புக்கொட்டும்.

கோழிச் சாற்றைப் பெண்கள் ருசி பார்க்கக் கூடாது அல்லவா? அதனால் மற்ற வீடுகளில் உப்புப் பார்க்க ஒரு பையனைக் கூப்பிடுவார்கள். அத்தை யாரையும் கூப்பிட மாட்டாள்.

"என் கைக்கு எவன் நாக்கும் வேண்டாம்" என்று பெருமையாகச் சொல்வாள்.

சமையல் குடிசையில் இறகு பிடுங்கிக்கொண்டே யோசித்தேன். உப்பு ஒரு நாளும் கூடவோ குறையவோ இருந்ததில்லையே. அது எப்படி?

கோழி வெந்துகொண்டிருந்தது. இலை வெட்ட அத்தை தோட்டத்துக்குப் போனாள். நான் சட்டென்று எழுந்து, சாற்றில் போட வேண்டிய உப்பு முழுவதையும் போட்டுக் கலக்கினேன். உப்புச் சட்டியில் மீதியிருந்ததை, யார் கை பட்டாலும் தெரியும்படி விரலால் மட்டமாகத் தடவி வைத்தேன்.

அத்தை ருசி பார்க்காதவள் என்றால் வழக்கம்போல் உப்பைப் போடுவாள். கறி கடல் தண்ணியாகிவிடும். விருந்தாளிகள் துப்புவார்கள். துப்பட்டும்!

அத்தை வந்தாள். "நீ வெளிய போ. புகை கண்ணுல படும்" என்றாள்.

எப்போதும் பொட்டலம் கட்டுவதற்கு முன் இப்படித்தான் என்னை விரட்டுவாள். புகைமேல் அவளுக்கு என்ன அப்படி ஓர் அக்கறை என்று அன்றுதான் தோன்றியது.

முன்கூடத்தில் விருந்து நடந்தது. "அடடா! உப்பு அளவு பார்த்தீங்களா? இதுதான் கைமணம்!" என்று தாடிக்காரப் பெரியவர் விரலை நக்கினார்.

நான் சமையல் குடிசைக்கு ஓடினேன். உப்புச் சட்டியில் நான் தடவியது தடவியபடியே இருந்தது.

"அத்தை, சாத்துல உப்புப் போட்டது நான். நீங்க போடவே இல்ல. ஏற்கெனவே உப்பு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

அத்தையின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

"மெதுவா பேசுடி" என்றாள்.

"ருசி பார்த்தீங்க! எப்பவும் பார்க்கிறீங்க! உங்களுக்கு ஏழு பிள்ளைங்க. எங்கம்மா கையில இருந்த முட்டையைப் பிடுங்கினீங்களே, அப்ப உங்களுக்கே தெரியும், அது பொய்யின்னு!"

எனக்குக் கூடத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் கத்தி, அவள் மானத்தை வாங்கிவிடலாமா என்று இருந்தது.

அத்தை உதட்டைப் புறங்கையால் துடைத்தாள். "உன் வயசுல ஒரு தடவை மாட்டிக்கிட்டேன். சாம்பலைப் போட்டு வாயைத் தேய்ச்சாங்க, ரத்தம் வர்ற வரைக்கும். அப்புறம் இந்தப் புகைக்குள்ளயே முழுங்கிப் பழகிட்டேன். நாக்கு சுட்டாலும் சத்தம் போட முடியாது."

"அதுக்காக எங்கம்மா பட்டினி கிடக்கணுமா?"

அவள் கண் கலங்கியிருந்தது, புகையினால் அல்ல. கத்த வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது. கோபம் போகவில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அத்தை. ஆனா அம்மாவுக்குக் கறி வேணும். இப்பவே."

அத்தை மீதியிருந்த பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். "வாழைக்காய் மசியலுக்கு அடியில ஒளிச்சுக் கொண்டுபோ."

"ஒளிக்க மாட்டேன். எங்கம்மா என்ன திருடியா?"

பொட்டலத்தைப் பிரித்து, ஒரு தொடையை இலையில் வைத்து, சாற்றை ஊற்றினேன். அம்மாவின் அறைக்கு முன்கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஆண்கள் இருக்கும் இடத்தில் பெண்கள் முழங்காலிட்டு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். சாறு சிந்திவிடும் என்று நான் முழங்காலிடாமலே நடந்தேன்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"நசூனா, அது யாருக்கு?" என்றார் அப்பா.

"அம்மாவுக்கு."

தாடிக்காரர் நிமிர்ந்தார். "பொம்பளைக்குக் கோழியா? இது வீடா, என்ன? தடுங்கய்யா அவளை!"

அப்பா எழுந்தார். என் கால் நகரவில்லை. இலை கையைச் சுட்டது. உள்ளே பாப்பா அழுதது.

"தம்பி, உட்காரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அத்தை! வாசற்படியில் நின்றிருந்தாள். அவளும் முழங்காலிடவில்லை.

"உப்பு நான் பார்த்தேன். சரியா இருக்கு" என்றாள். "இத்தனை வருஷமா நான்தான் பார்க்கிறேன், என் வாயாலயே. எனக்கு ஏழு பிள்ளைங்க, ஏழும் கல்லு மாதிரி இருக்குதுங்க. வழியை விடுங்க, புள்ளை கை சுடுது."

அப்பா அத்தையைப் பார்த்தார். பாப்பா அழும் அறையைப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்து, எனக்கு வழி விட்டுக் காலை மடக்கிக்கொண்டார்.

தாடிக்காரர் கோபித்துக்கொண்டு போகத்தான் எழுந்தார். இலையில் பாதித் தொடை மிச்சமிருந்தது. திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்கு அத்தையே ஊட்டினாள். ஒரு வாய்க்கு ஒரு தடவை அம்மா வாசலைப் பார்த்தாள். "யாரும் வரமாட்டாங்க, நீ தின்னு" என்றாள் அத்தை. சாறு முழுவதும் தீர்ந்த பிறகுதான் அம்மா படுத்தாள்.

மறுநாள் காலையில் முட்டைகளை அவித்தேன். முதலில் அம்மாவுக்கு. அடுத்தது மயன்ஜாவுக்கு. கடைசி முட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்தின் நடுவில், வெயிலில், ஊரே பார்க்கும்படி நின்று கடித்தேன்.

"எப்படிக்கா இருக்கு?" என்று மயன்ஜா கேட்டான்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன். "நாளைக்கு நானே பார்த்துப் போட்டுக்கிறேன்."